மருவில் கை வைக்கும் முன்

தோல் நோய்ப் பிரிவின் சின்ன சிகிச்சை அறையில் செவிலியராகப் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். மரு எடுக்க வந்தவர்களில் பலர் வீட்டில் எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். நூல் கட்டியவர்கள், ஊதுபத்தியால் சுட்டவர்கள், நகவெட்டியால் கத்தரித்தவர்கள். ஒருநாள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். விலக்கிப் பார்த்தால், எட்டணா அகலத்துக்குத் தோல் வெந்து கிடந்தது. அதன் ஓரத்தில் மரு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைச்சு வெச்சேன் சிஸ்டர். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அதுலதான் போச்சாம்" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு விரலில் இருந்தது வைரஸால் வந்த சொரசொரப்பான மரு. இவருக்குக் கழுத்தில் இருந்தது கிருமி எதுவும் இல்லாத சதைத் தொங்கல். நாம் இரண்டையும் மரு என்றே சொல்கிறோம். சில ஊர்களில் இரண்டையும் பாலுண்ணி என்பார்கள். முகத்தில் வரும் கரும்புள்ளியும் மருதான், முதுகில் வயதான பிறகு வரும் கருந்தடிப்பும் மருதான். ஒன்றுக்குச் சரியாக வரும் வைத்தியம் இன்னொன்றைப் புண்ணாக்கும். அதனால் "எப்படி எடுப்பது?" என்று கேட்கும் முன், "இது எது?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முதலில் வெளிச்சத்தில் பாருங்கள்

குளியலறை பல்பு வெளிச்சம் போதாது. பகலில், ஜன்னல் ஓரமாக நின்று பாருங்கள். கழுத்தின் பின்பக்கம், முதுகு என்றால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். "கொஞ்சம் வளர்ந்த மாதிரி இருக்கு டாக்டர்" என்பதைவிட, "3 மில்லிமீட்டர் இருந்தது 6 ஆகியிருக்கு" என்று படத்தோடு காட்டுவது எத்தனையோ மேல்.

பிறகு விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா? காம்பு மாதிரி ஒன்றில் தொங்குகிறதா, தோலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? மேல்புறம் வழவழப்பா, சொரசொரப்பா? தோலுக்கு மேலே இருக்கிறதா, அடியில் நழுவுகிறதா? கிள்ள வேண்டாம், சுரண்ட வேண்டாம். எப்போது முதலில் கண்ணில் பட்டது, ஒன்றா பலவா, அரிப்போ ரத்தமோ உண்டா என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

இனி, அதன் பெயர்

கழுத்து, அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, கண் இமை. இந்த இடங்களில் மெத்தென்று, சின்னக் காம்பில் தொங்கினால் அது பெரும்பாலும் ஸ்கின் டேக். நான் இதைத் தொங்கு மரு என்று சொல்லியே விளக்குவேன். எள் அளவிலிருந்து பச்சைப்பயறு அளவு வரை இருக்கும். சிலருக்குத் திராட்சை அளவுக்கும் வளரும். உள்ளே இருப்பது தளர்வான நார்த்திசு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு மெல்லிய ரத்தக்குழாய், மேலே சாதாரணத் தோல். அவ்வளவுதான். தோலும் தோலும் உரசும் இடத்தில் வருவது இதன் வழக்கம். ஒட்டுவாரொட்டி இல்லை, புற்றுநோயாகவும் மாறுவதில்லை. சில சமயம் காம்பு முறுக்கிக்கொண்டு ரத்தம் போகாமல் நின்றுவிடும். அப்போது மரு திடீரென்று கறுத்து, வலித்து, சில நாளில் தானே உதிரும். இதைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்கள் உண்டு. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் கறுத்தது மருதானா என்று ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கேழ்வரகைத் தூவியது போலக் கரிய சிறு புடைப்புகள் இருந்தால் அது வேறு வகை. நம்மைப் போன்ற மாநிறத்தோருக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் அதிகம் வருவது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும், இளவயதிலேயே தொடங்கி வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை கூடும். மச்சம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவத்தில் இதற்கு டெர்மடோசிஸ் பாபுலோசா நைக்ரா என்று நீளமான பெயர் உண்டு. பெயர்தான் பெரிது, விஷயம் சாது.

இதற்குச் சொந்தக்காரன்தான் வயதானவர்களின் முதுகிலும் மார்பிலும் நெற்றியோரத்திலும் வரும் செபோரிக் கெரட்டோசிஸ். பழுப்பு மெழுகை உருக்கி ஒட்டியது போலிருக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும் என்று தோன்றும். நெம்பாதீர்கள். இதுவும் தீங்கில்லாதது.

விரல், நகத்தோரம், முழங்கால் ஆகிய இடங்களில் காலிஃபிளவர் மேல்பாகம் போலச் சொரசொரவென்று இருந்தால் அது வைரஸ் மரு. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகளால் வருவது. உற்றுப் பார்த்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். மருவின் வேர் என்று அவற்றைச் சொல்வார்கள். உண்மையில் அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். இது பரவும். நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு விரலுக்கு விரல் போகும். தாடி மழிக்கும் ஆண்களுக்கு பிளேடு போன வழியே வரிசையாக வரும்.

உள்ளங்காலில் வந்தால் உடல் பாரம் அழுத்தி உள்நோக்கிப் போய்விடும். கால் ஆணியா, மருவா என்று குழப்பம் வருவது இங்கேதான். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல அமுக்கினால் அதிகம் வலிப்பது மரு. இன்னொன்று, உள்ளங்காலிலும் கைரேகை போலக் கோடுகள் ஓடும். ஆணியின் மேல் அந்தக் கோடுகள் தொடர்ந்து ஓடும், மரு இருக்கும் இடத்தில் அறுந்து விலகிப்போகும்.

பிள்ளைகளுக்கு வரும் வைரஸ் மருக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு வருஷத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியை அடையாளம் கண்டுகொள்ள அவ்வளவு நாள் ஆகிறது. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுகிறேன், வெல்லம் கரைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வரும் தாய்மார்களை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. பிள்ளையின் தோலில் எதையும் வைத்துச் சுடாமல் அவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பே பாதி வைத்தியம்.

முத்துப் போல வழவழவென்று, நடுவில் தொப்புள் குழி மாதிரி ஒரு பள்ளத்தோடு சிறுவர்களுக்குக் கூட்டமாக வந்தால் அது மொலஸ்கம். பாலுண்ணி என்ற பெயர் இதற்குத்தான் மிகப் பொருந்தும், ஏனென்றால் உள்ளே தயிர் போல வெள்ளையாக இருக்கும். இதுவும் வைரஸ்தான், அம்மை வைரஸ் குடும்பம். ஒரே துண்டைப் பலர் பயன்படுத்தினால் பரவும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒன்றரை வருஷத்துக்குள் போய்விடும். பெரியவர்களுக்கு முகம் முழுக்கத் திடீரென்று வந்தால் மட்டும் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்க வேண்டும்.

தோலுக்கு அடியில் மெத்தென்று, விரல் பட்டால் வழுக்கி நகர்வது கொழுப்புக் கட்டி. வலிக்காது, மெதுவாக வளரும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, ஆழத்தில் கெட்டியாக இருந்தாலோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். கொழுப்புக் கட்டி என்று நினைப்பதன் உச்சியில் கரும்புள்ளியாக ஒரு துளை தெரிந்தால் அது தோல் நீர்க்கட்டி வகை. பிதுக்கினால் நாற்றமடிக்கும் வெள்ளைப் பொருள் வரும். பிதுக்கினால் உறை உள்ளேயே உடைந்து சீழ் பிடிக்கும், பிறகு எடுப்பதும் கஷ்டம். பிதுக்கவே கூடாது.

மார்பிலும் வயிற்றிலும் குன்றிமணி நிறத்தில் சிறு சிவப்புப் பொட்டுகள், இமையில் ரவை போன்ற வெள்ளை மணிகள், கண்ணுக்குக் கீழே தோல் நிறத்திலேயே சிறு புடைப்புகள். இவையும் தீங்கில்லாதவையே. இமையின் உள் மூலையில் மஞ்சளாகப் படிந்திருந்தால் மட்டும் ரத்தத்தில் கொழுப்பின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

மரு போலத் தெரியும், மரு இல்லை

உடல் முழுக்க மெத்தென்ற உருண்டைகள் உள்ளவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் பக்கத்தில் உட்காரத் தயங்கி எழுந்து போகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அது நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணுக் கோளாறு. விரலால் அழுத்தினால் பொத்தான் போல உள்ளே போகும். கூடவே காப்பி நிறத் திட்டுகள் இருக்கும். தொட்டால் ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது. பிள்ளையின் உடம்பில் காப்பி நிறத் திட்டு ஆறோ அதற்கு மேலோ இருந்தால், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண், காது, நரம்பு எல்லாவற்றையும் கவனிக்க வேண்டிய நோய் அது.

பிறந்த குழந்தையின் காதுக்கு முன்னால் சின்னதாகச் சதை தொங்கினால் அதற்கு நூல் கட்டச் சொல்வார்கள். கட்டாதீர்கள். உள்ளே குருத்தெலும்பு இருக்கலாம். காது கேட்கிறதா என்ற சோதனையைச் செய்துவிட்டு, முறையாக எடுப்பதுதான் சரி.

காது மடல் தடித்து முடிச்சு முடிச்சாக இருந்து, உடம்பில் எங்காவது தொட்டால் உணர்ச்சியில்லாத தேமலும் இருந்தால், தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகும் நோய் அது, அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் வருவதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அங்கே தொங்கு மருவும் வரும், தாம்பத்திய உறவால் பரவும் வைரஸ் மருவும் வரும், மூலமும் வரும். பார்த்தால்தான் தெரியும்.

இவற்றைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்

மச்சத்தைச் சோதிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் 1985-இல் நியூயார்க்கில் உருவானது. ஒரு பாதி மறுபாதி போல் இல்லை, ஓரம் கரைந்து வழிந்தது போலிருக்கிறது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம். பிற்பாடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அந்த ஐந்தாவதுதான் முதல். பிறந்ததிலிருந்து அசையாமல் இருக்கும் பெரிய மச்சத்தைவிட, ஆறு மாதமாக வளரும் சின்னது கவலைக்குரியது.

நம் தோலுக்கு மெலனோமா என்ற மச்சப் புற்றுநோய் அபூர்வம்தான். ஆனால் வரும்போது நாம் பார்க்காத இடத்தில் வரும்: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் அதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. 1981-இல் 36 வயதில் இறந்தார். கறுத்த தோலுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்து அகலமானால் காட்டுங்கள்.

வயதானவர் முகத்தில், மூக்கோரத்திலோ கன்னத்திலோ பளபளவென்று கறுத்த ஒரு புடைப்பு, தொட்டால் ரத்தம், காய்ந்து மறுபடி புண் என்று மாதக்கணக்கில் போனால் அதை மரு என்று விட்டுவிடக்கூடாது. நம் தோலில் பேசல் செல் புற்று என்ற தோல் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிக் கறுப்பாகத்தான் வரும். ஆரம்பத்தில் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் நோய் அது.

செபோரிக் கெரட்டோசிஸ் ஓரிரு மாதத்துக்குள் முதுகு முழுக்கக் கொட்டியது போல வந்து, கூடவே உடல் இளைத்தால், உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது அரிது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்து மருவும் சர்க்கரையும்

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். தொங்கு மருவோடு கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருக்கிறதா? அக்குளிலும் அப்படியே?

பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். கழுத்து ரத்தச் சிவப்பாக உரிந்திருந்தது. "எத்தனை தடவை சொன்னாலும் தேய்ச்சுக் குளிக்க மாட்டா சிஸ்டர், அதான் நானே பீர்க்கங்காய் நாரை வெச்சுத் தேய்ச்சேன்" என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. அவள் கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை. அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் தோல் செல்களையும் தூண்டி வளரவிடுகிறது. கழுத்து தடித்துக் கறுப்பதும், தொங்கு மருக்கள் முளைப்பதும் அதன் வெளிக்குறிகள். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குச் சில வருஷம் முன்பே தோல் சொல்லிவிடும். அவளுக்கு மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருந்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இதே குடும்பம்தான்.

ஆகவே கழுத்தில் மரு கூடிக்கொண்டே போனால், எடுப்பதற்கு நாள் குறிக்கும் முன் வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையும் செய்யுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையும் இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். இடுப்பையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடியும் வருகிறார்கள். எடை குறைந்து இன்சுலின் சீரானால் கழுத்துக் கறுப்பு மெல்லக் குறையும். ஏற்கெனவே வந்த மரு அப்படியே இருக்கும், புதிது முளைப்பது குறையும்.

கர்ப்ப காலத்திலும் தொங்கு மரு வரும். பிரசவத்துக்குப் பிறகு சில சுருங்கிப் போய்விடும் என்பதால் பிள்ளை பிறக்கும் வரை பொறுத்திருங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமா?

இல்லை. தீங்கில்லாதது என்று தெரிந்துவிட்டால், அப்படியே விடுவதும் முழுமையான, சரியான முடிவு. தாலிக்கொடியோ சங்கிலியோ மாட்டி இழுக்கிறது, ரவிக்கை விளிம்பு உரசிப் புண்ணாகிறது, இமையில் தொங்கிப் பார்வையை மறைக்கிறது, ஷேவிங்கில் ரத்தம் வருகிறது என்றால் எடுக்கலாம். பார்க்கப் பிடிக்கவில்லை என்பதும் போதுமான காரணம்தான், அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வராதீர்கள். புண் ஆறிய இடத்தின் கறுப்பு மறையச் சில மாதம் ஆகும். குறைந்தது மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

"ஒண்ணை எடுத்தா பத்து வரும்" என்று பயமுறுத்துவார்கள். தொங்கு மருவில் கிருமி இல்லை, ரத்தம் பட்டுப் பரவாது. பிற்பாடு வேறு இடத்தில் புதிது வந்தால், அது வரவிருந்ததுதான். சொரசொரப்பான வைரஸ் மரு விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சில் உண்மை உண்டு. கீறினால், சுரண்டினால் பக்கத்தில் பரவும்.

வீட்டில் செய்யக்கூடியது, கூடாதது

வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கை, கால் விரல்களில் வந்த வைரஸ் மருவுக்குச் சாலிசிலிக் அமில மருந்து. மருந்துக்கடையில் 17 சதவீத அளவில் கிடைக்கும். மரு என்று டாக்டர் ஒருமுறை உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். இரவில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிஷம் ஊறவையுங்கள். ஊறி வெளுத்த மேல்தோலை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேயுங்கள். அந்த அரத்தை வேறு யாரும் தொடக்கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லின் தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. இப்படித் தினமும், 12 வாரம் வரை. பத்து நாளில் பலன் இல்லை என்று விட்டவர்களே அதிகம். சர்க்கரை நோயாளிகள் காலில் இதைப் போடவே கூடாது. முகம், பிறப்புறுப்பு, மச்சம், தொங்கு மரு ஆகியவற்றிலும் கூடாது.

இனி கூடாதவை. சுண்ணாம்பும் சலவை சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் அங்கே உருவாவது காஸ்டிக் சோடா. கழிவறை அடைப்பை நீக்கப் பயன்படுவது அதுதான். தோலில் வைத்தால் எது மரு, எது கழுத்து என்று அது பார்க்காது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் கொப்புளம் போட்டுத் தோலைக் கருக்கும். குதிரைவால் முடியோ தையல் நூலோ கட்டினால், மெல்லிய காம்புள்ள மரு சில சமயம் உதிரத்தான் செய்யும். ஆனால் இறுக்கம் போதாமல் பாதி ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் வீங்கிச் சீழ் பிடிக்கும்.

அம்மான் பச்சரிசிப் பாலையும் எருக்கம்பாலையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இமை மருவுக்கு அவற்றை வைத்து, கண்ணுக்குள் ஒழுகவிட்டவர்கள் உண்டு. எருக்கம்பால் விழிப்படலத்தின் உட்புறச் செல்களைக் கெடுக்கும். ஆரம்பத்தில் பெரிய வலிகூட இருக்காது, பார்வை மட்டும் மங்கும். வலி இல்லையே என்று இருந்துவிடுவார்கள். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

இணையத்தில் விற்கும் மரு நீக்கும் சொட்டு மருந்துகள், பேனா போன்ற சுடும் கருவிகள் வேண்டாம். மச்சத்தையும் தொங்கு மருவையும் வீட்டிலேயே நீக்கக் கடையில் வாங்கும் எந்த மருந்துக்கும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்ததில்லை. அப்படி விற்ற நிறுவனங்களுக்கு 2022-இல் எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. பியூட்டி பார்லரில் சுட்டு எடுப்பதிலும் அதே ஆபத்து. எடுப்பவருக்கு அது மருவா, புற்றா என்று தெரியாது. ஊசிமுனையை ஒவ்வொருவருக்கும் மாற்றாவிட்டால் மஞ்சள் காமாலை வைரஸ் வரை பரவும்.

டாக்டரிடம் போகும்போது

தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்-க்குப் பிறகு எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். போன்ற தோல் நோய்ப் படிப்பு முடித்திருக்க வேண்டும். பலகையில் அதைப் பாருங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு நடக்கும் அழகு நிலையங்கள் வேறு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையிலேயே போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் அன்றே பார்ப்பார்கள், எடுப்பதற்கு வேறு நாள் தருவார்கள். தனியாரிடம் போனால் ஒரு மருவுக்கு இவ்வளவா, ஒரு தடவைக்கு இவ்வளவா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கழுத்தில் நாற்பது இருந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

நீங்கள் மறக்காமல் சொல்ல வேண்டியவை: சர்க்கரை நோய், பேஸ்மேக்கர், கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மரத்துப்போகும் ஊசியால் முன்பு ஏதும் ஒவ்வாமை வந்ததா என்பது. காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ தழும்பு உருண்டு தடித்திருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள். அது கீலாய்டு. அத்தகைய தோல் உள்ளவர்களுக்கு மார்பு, தோள், தாடையோரம் ஆகிய இடங்களில் மரு எடுத்தால், போன மருவைவிடப் பெரிய தழும்பு வரலாம்.

அறைக்குள் நடப்பது

முதலில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஒரு மணி நேரம் உட்காரவைப்போம். அவசரப்பட்டு அரை மணியில் கூப்பிடச் சொல்லாதீர்கள், பிறகு வலிக்கும். பெரிய மரு என்றால் அடியில் சின்ன ஊசி. மெல்லிய காம்பு என்றால் நுனி வளைந்த கத்தரியால் ஒரே வெட்டு, ஒரு சொட்டு ரத்தம், பஞ்சால் அழுத்தினால் நின்றுவிடும். சின்னச் சின்னதாக நிறைய என்றால் மின்சூட்டுக் கருவி. முடி கருகும் வாசனை வரும், 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், ஒரு மருவுக்குச் சில நொடிதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறை வைரஸ் மருவுக்கு நல்லது. நம் நிறத்தில் அது வெள்ளைத் தழும்பு விடக்கூடும் என்பதால் முகத்தில் யோசித்துத்தான் செய்வார்கள்.

டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றில் சந்தேகம் என்றால் அதைச் சுடாமல் வெட்டி எடுத்து பயாப்சிக்கு, அதாவது சதையை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார். சுட்டுவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. "பயாப்சியா?" என்று கேட்டவுடன் அழுதவர்கள் பலர். உறுதிப்படுத்திக்கொள்வதற்கான சோதனை அது.

வீட்டுக்கு வந்த பிறகு

மறுநாள் முதல் குளிக்கலாம். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். கொடுத்த களிம்பை இரண்டு வேளை தடவுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். பொருக்கு முகத்தில் ஒரு வாரத்திலும் கழுத்தில் பத்து, பதினைந்து நாளிலும் தானே விழும். உரித்தால் குழி விழும். கழுத்தில் எடுத்தவர்கள் பொருக்கு விழும் வரை சங்கிலியைக் கழற்றிவையுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதுவரை மெல்லிய மஞ்சள் கயிற்றில் கோத்துத் தளர்வாகப் போட்டுக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள், ஒரு குறையும் வரவில்லை. பொருக்கு விழுந்த பின் வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் தடவினால் கறுப்பு சீக்கிரம் மங்கும். சிவந்து வீங்கினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையைக் கையில் வாங்குங்கள். புண்தான் ஆறிவிட்டதே என்று வராமல் இருந்தவர்களின் அறிக்கைகள் எங்கள் மேஜை இழுப்பறையில் கட்டாகக் கிடக்கும். மாதம் ஒருமுறை நான் உட்கார்ந்து அவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்வேன்.